பழைய கம்ப்யூட்டருக்கு எது முதலில்: எக்ஸ்டர்னலா, எஸ்எஸ்டியா, ராமா?

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புது மெஷின் விற்பது குறைவு. வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளையும் லேப்டாப்களையும் இன்னும் சில வருடம் ஓட வைப்பதுதான் என் வேலை. எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். கடைக்கு வருபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது: "தம்பி, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. ஃபுல் ஆயிடுச்சு போல. ரெண்டு டிபி எக்ஸ்டர்னல் ஒண்ணு வாங்கி மாட்டினா சரியாயிடுமா?"

சரியாகாது. மெதுவாக ஓடுவது ஒரு பிரச்சினை, இடம் போதாதது வேறொரு பிரச்சினை. சி டிரைவ் கழுத்து வரை நிரம்பியிருந்தால் கொஞ்சம் காலி செய்ததும் மூச்சு விடும், அவ்வளவுதான். வேகம் வேண்டுமென்றால் பெட்டிக்குள்ளே எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க், போக வேண்டும். போட்டோ, வீடியோ, பத்திர ஸ்கேன் எல்லாம் பிழைத்திருக்க வேண்டுமென்றால் வெளியே ஹார்ட் டிஸ்க் வேண்டும், அதுவும் ஒன்று போதாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு செலவு செய்தவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதே காசில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்திருக்கும்.

நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் இருப்பதை வெளியே ஒரு பிரதி எடுங்கள். அப்புறம் எஸ்எஸ்டி. அப்புறம் தேவைப்பட்டால் ராம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் மெமரி. அதற்கு மேல் பழைய பெட்டியில் பெரிய செலவு வேண்டாம்.

கடைக்கு வருவதற்கு முன் நீங்களே பார்க்கலாம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனால் படிக்கும் வேகமோ நொடிக்கு 1, 2 எம்பிதான் என்றால், குற்றவாளி ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டில் முள் இங்கும் அங்கும் ஓடிச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில்கூட நொடிக்கு நூறு தடவைக்குக் கிட்டத்தட்டத்தான் இப்படி இடம் மாறிப் படிக்க முடியும். லேப்டாப்பில் வரும் 5400 சுற்று டிஸ்க் இன்னும் குறைவு. மலிவான எஸ்எஸ்டிகூட அதே வேலையை ஆயிரக்கணக்கில் செய்யும். பழைய மெஷின் எஸ்எஸ்டி போட்டதும் ஆளே மாறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அதே பக்கத்தில் மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் ராமும் போதவில்லை. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதையும் விண்டோஸ் 10 அங்கேயே காட்டும். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் நல்ல செய்தி.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அதில் வரும் நீண்ட பட்டியலில் நான் முதலில் பார்ப்பது 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளை. 05 என்பது கெட்டுப்போனதால் டிஸ்க்கே ஒதுக்கி வைத்துவிட்ட இடங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் இடங்கள். சி6 என்பது படிக்கவே முடியாமல் போனவை. சி5, சி6 இரண்டில் ஒன்றாவது பூஜ்யம் இல்லையென்றால் அன்றைக்கே தேவையான ஃபைல்களை வெளியே எடுங்கள். முக்கியமானது முதலில், சினிமா கடைசியில். அந்த நிலைமையில் டிஸ்க்கை ஸ்கேன் செய்து ரிப்பேர் பண்ணுகிறேன் என்று சிகேடிஸ்க் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைப்பதுதான் அது. சி7 என்ற வரியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் தகராறு. அதை மாற்றினால் போதும்.

எக்ஸ்டர்னல் வாங்கும்போது

டப்பாவின் மேல் எழுதியிருக்கும் டிபி அளவைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீலமாக இருந்தால் அது யுஎஸ்பி 3.0. கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அநேகமாக 2.0. சில லேப்டாப்களில் 3.0 துளையும் கறுப்பாக இருக்கும், பக்கத்தில் எஸ்எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் தன் சிப்செட்டிலேயே, அதாவது மதர்போர்டில் உள்ள முக்கியச் சிப்பிலேயே, யுஎஸ்பி 3.0 கொடுக்க ஆரம்பித்தது 2012இல்தான். அதனால் அதற்கு முந்தைய ஜி31, ஜி41, எச்61 சிப்செட் உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 2.0தான் இருக்கும். நம் பக்கம் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பதும் இந்த மூன்றைத்தான்.

இதனால் என்ன வித்தியாசம்? 2.0 வழியாக நிஜத்தில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரை போகும். 300 ஜிபி போட்டோவும் வீடியோவும் ஏற்றக் குறைந்தது இரண்டு மணி நேரம். அதே டிஸ்க்கை 3.0 துளையில் மாட்டினால் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இரண்டுமே இன்னும் இழுக்கும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஒரு மலிவான வழி உண்டு: பிசிஐ எக்ஸ்பிரஸ் யுஎஸ்பி 3.0 கார்டு. போர்டில் சின்ன ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் சொருகிவிடலாம். ரெனசாஸ் அல்லது விஐஏ சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 7 என்றால் டிரைவர் தனியாகப் போட வேண்டும், 8க்கு மேல் தானாகவே எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் பேக்கப் எடுக்கும் வீட்டுக்கு அதுகூட வேண்டாம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் முடிந்திருக்கும்.

யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று டப்பாவுக்கு டப்பா வேறு வேறாகப் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒன்றேதான், 5 ஜிகாபிட். இதற்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

அளவு விஷயத்தில் இரண்டு வகை. உள்ளங்கைக்குள் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி ஒயரிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொள்ளும். புத்தகம் மாதிரி தடியாக இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். வீட்டுக்கு 2.5 போதும். ஆனால் பழைய மெஷினில் ஒன்றைக் கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய கரன்ட் 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. கேபினட்டின் முன்பக்கத் துளைகள் மெல்லிய நீள ஒயரில் போர்டுக்குப் போகும், அங்கே இன்னும் குறையும். மாட்டியதும் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்று நின்று வந்தால் பதறிப்போய் டிஸ்க் போச்சு என்று முடிவு செய்யாதீர்கள். பின்பக்கத் துளையில், நீட்டிப்பு ஒயர், ஹப் எதுவும் இல்லாமல், கூட வந்த குட்டை ஒயரிலேயே மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் என்றால்தான் கவலை.

எத்தனை டிபி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். போனில் எடுக்கும் போட்டோ ஒன்று 3 முதல் 5 எம்பி. பத்தாயிரம் போட்டோ என்றாலும் 50 ஜிபிக்குள்தான். கல்யாண டிவிடி ஒன்று பெரும்பாலும் 4.7 ஜிபிக்கு மேல் போகாது, நான்கைந்து டிவிடி இருந்தாலும் 25 ஜிபிக்குள் அடங்கும். அதாவது பெரும்பாலான குடும்பங்களுக்கு 1 டிபி தாராளம். 4 டிபி ஒன்று வாங்குவதைவிட 1 டிபி இரண்டு வாங்குங்கள் என்று நான் கை பிடித்து இழுத்துச் சொல்வேன். காரணம் கீழே வருகிறது. 1 டிபி வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்று இல்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

டிவிடி என்றதும் சொல்ல வேண்டியது: 2000க்குப் பிறகு கல்யாணம் செய்தவர்கள் பலரிடம் ஸ்டுடியோக்காரர் எரித்துக் கொடுத்த டிவிடிதான் ஒரே பிரதி. அந்தத் தட்டில் உள்ள சாயம் வருடம் ஆக ஆக மங்கும். பாதிப் படத்தில் நின்று போகும் தட்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எக்ஸ்டர்னல் வாங்கிய அன்றைக்கே அந்தத் தட்டுகளை முழுதாக அதில் காப்பி செய்துவிடுங்கள். டிவிடி டிரைவ் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கம்பெனி எது என்று கேட்பார்கள். உலகத்திலேயே இப்போது ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு எந்தப் பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்றுதான். அதனால் இவர்களிலேயே ஒருவர் பெயரில், பில்லோடு, வாரன்டியோடு வாங்குங்கள். யாருடையது நல்லது என்று நான் சண்டை போடுவதில்லை. மூன்றுமே கீழே விழுந்தால் போய்விடும்.

இரண்டு விஷயம் மட்டும் தெரிந்து வைத்திருங்கள். இப்போது வரும் 2.5 அங்குல எக்ஸ்டர்னல்கள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஓர் ஓட்டின் மேல் அடுத்த ஓடு பாதி ஏறி உட்கார்ந்திருப்பது போல, டேட்டா எழுதும் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அதனால் முதல் கொஞ்ச நேரம் வேகமாகப் போய், அப்புறம் நொடிக்கு 20, 30 எம்பிக்கு இறங்கிவிடலாம். பேக்கப்புக்கு இது குறையே இல்லை. ஆனால் அதிலேயே வைத்து வீடியோ எடிட் செய்வதற்கும், விண்டோஸ் போட்டு ஓட்டுவதற்கும் ஆகாது.

இரண்டாவது, சில மாடல்களில் யுஎஸ்பி துளை டிஸ்க்கின் சொந்த போர்டிலேயே பற்றவைத்திருக்கும். டப்பாவைப் பிரித்தால் உள்ளே வழக்கமான சாட்டா முனை இருக்காது. அந்தத் துளை ஆடிப்போனால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்க வழியில்லை. ஒயரைப் பிடித்து இழுக்காமல், தலையைப் பிடித்துக் கழற்றுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் இணையத்தில் 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி சில ஆயிரம் ரூபாய்க்கு என்று வரும். அது போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்று இருக்கும், கம்ப்யூட்டரிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். காப்பி முழுதும் ஆனது போலவே காட்டும், உண்மையான அளவுக்கு மேல் போனது எல்லாம் காணாமல் போகும். சந்தேகமாக எது வாங்கினாலும், பென் டிரைவ் உட்பட, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள். தேறினால்தான் போட்டோவை ஏற்ற வேண்டும்.

ஃபார்மட் எது? விண்டோஸ் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்கு என்டிஎஃப்எஸ். மேக்கிலும் மாட்ட வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் நடுவில் கரன்ட் போனாலோ, சேஃப்லி ரிமூவ் கொடுக்காமல் பிடுங்கினாலோ என்டிஎஃப்எஸ்தான் அடி தாங்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது, கல்யாண வீடியோ பாதியில் மறுக்கப்படுவது அதனால்தான்.

ஒரே பிரதி பேக்கப் ஆகாது

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், லேப்டாப்பில் இடம் இல்லையென்று ஆறு வருடப் போட்டோக்களை ஒரு எக்ஸ்டர்னலுக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டார். பேரக்குழந்தை ஒயரில் கால் மாட்டி இழுத்தது. டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போதே மேசையிலிருந்து தரையில் விழுந்தது. உள்ளே முள் தட்டில் உரசிவிட்டது. டேட்டா ரெக்கவரிக்குச் சென்னையில் கேட்ட தொகை, அவர் டிஸ்க் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு, அதுவும் கிடைக்கும் என்று உறுதி இல்லாமல். மகளின் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

அவர் எடுத்தது பேக்கப் இல்லை, இடமாற்றம். இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப். அதனால்தான் 1 டிபி இரண்டு வாங்கச் சொல்கிறேன். ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில், இன்னொன்று அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் கூரை போன வீடுகளில் கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப்பும் ஒன்றாக நனைந்தன. டெல்டாவில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

பேக்கப்புக்கு எஸ்எஸ்டி எக்ஸ்டர்னல் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு நல்லது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியைக் கரன்ட் கொடுக்காமல் வருடக்கணக்கில் பெட்டியில் போட்டு வைத்தால் டேட்டா மெல்ல மெல்லக் கரையக்கூடும். போகும்போது முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாகப் போகவும் செய்யும். அலமாரியில் வைக்க ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாட்டி, நான்கைந்து ஃபோல்டரைத் திறந்து, படங்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பாருங்கள்.

உள்ளே எஸ்எஸ்டி

பழைய மெஷினுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. அதைத் தாண்டி யோசிக்க வேண்டாம். கடைக்காரர் என்விஎம்இ எம்.2 என்ற புதுவகை எஸ்எஸ்டி ஒன்றைக் காட்டி, "இது பல மடங்கு வேகம் சார், கன்வெர்ட்டர் கார்டில் போட்டுக்கலாம்" என்பார். எச்61 மாதிரி போர்டுகளின் பயாஸுக்கு, அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருளுக்கு, என்விஎம்இயிலிருந்து பூட் ஆகத் தெரியாது. வாங்கி வந்து மாட்டினால் விண்டோஸ் அதிலிருந்து கிளம்பாது.

எச்61 போர்டில் இருப்பது சாட்டா 2. சாட்டா 3 எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும் என்றால், இங்கே 270, 280தான் வரும். பாதி வேகம்தானே என்று தயங்க வேண்டாம். நீங்கள் உணரப்போகும் மாற்றம் சின்னச் சின்ன ஃபைல்களைச் சட்டென்று எடுப்பதில் இருக்கிறது, அது சாட்டா 2இலும் அப்படியே கிடைக்கும். எச்81 போர்டு என்றால் சாட்டா 3 துளை இரண்டு உண்டு. பெரும்பாலான போர்டுகளில் அவை வேறு நிறத்தில் இருக்கும், அதில் மாட்டுங்கள்.

அளவு 240 அல்லது 256 ஜிபி போதும். விண்டோஸ், ஆபீஸ், பிரவுசர் எல்லாம் போட்டாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். போட்டோக்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். 2025 கடைசியிலிருந்து எஸ்எஸ்டி, ராம் இரண்டும் விலை ஏறிக் கிடக்கின்றன. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். தேவைக்கு மேல் வாங்க இது நேரம் இல்லை. கிங்ஸ்டன் ஏ400, குரூசியல் பிஎக்ஸ்500 போன்றவை வீட்டுக்குத் தாராளம். தினமும் நிறைய எழுதும் வேலை, அதாவது வீடியோ எடிட்டிங் மாதிரி இருந்தால் சாம்சங் 870 ஈவோவுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். அதற்கு வாரன்டி 5 வருடம், மலிவானவற்றுக்கு 3 வருடம். பெயரே கேள்விப்படாத எஸ்எஸ்டியைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

லேப்டாப் என்றால் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் தடிமனைப் பாருங்கள். பழையவை 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7. இடைவெளியில் ஆடாமல் இருக்கச் சின்ன பிளாஸ்டிக் சட்டம் ஒன்று சில டப்பாவிலேயே வரும். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (caddy) என்ற சட்டத்தைப் போட்டு இரண்டாவது டிஸ்க் வைக்கலாம். கேடியிலும் 9.5, 12.7 என்று இரண்டு அளவு உண்டு, அளந்துவிட்டு வாங்குங்கள். 2011இல் தொடங்கி அரசு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் மூலையில் இருக்கின்றன. அவற்றில் பலதுக்கு எஸ்எஸ்டி ஒன்றும் ராம் ஒன்றும் போட்டால் தங்கச்சி படிப்பதற்கும், அப்பா சிட்டா அடங்கல் பார்ப்பதற்கும் நன்றாகவே ஓடும். அவற்றை எடைக்குப் போடுவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

டெஸ்க்டாப்பில் மாட்டும்போது கேபினட்டில் 2.5 அங்குலத்துக்கு இடம் இருக்காது. எடை இல்லாத பொருள், அசையாமல் ஒட்டி வைத்தாலே போதும். சாட்டா பவர் முனை மிச்சம் இல்லையென்றால் பழைய நான்கு முள் மோலெக்ஸிலிருந்து மாற்றும் ஒயர் விற்பார்கள். முனை முழுதும் பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவான ஒயர்கள் உள்ளே உரசிக் கருகிய கதைகள் உண்டு. ஒயர்கள் தனித்தனியாகக் கிளிப்பில் செருகியிருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்வதா, புதிதாகப் போடுவதா? நான் புதிதாகப் போடுவதைத்தான் சொல்வேன். பத்து வருடக் குப்பையை எஸ்எஸ்டிக்குத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தம் இல்லை. போதாததற்கு, குளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவிகளுக்குப் புது டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் பிடிக்காது. 500 ஜிபியிலிருந்து 240க்குப் போகும்போது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டேலி மாதிரி திரும்பப் போட முடியாத மென்பொருள் இருந்தால் மட்டும் குளோன்.

புதிதாகப் போடும்போது மூன்று காரியம். பயாஸில் சாட்டா மோட் ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றினால் நீலத்திரை வரும். அடுத்தது முக்கியம்: இன்ஸ்டால் முடியும் வரை பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் பூட் பகுதியைச் சில சமயம் பழைய டிஸ்க்கில் எழுதிவிடும். ஒரு நாள் அந்த டிஸ்க் போனால், நல்ல எஸ்எஸ்டி இருந்தும் கம்ப்யூட்டர் கிளம்பாது. தவறான டிஸ்க்கை ஃபார்மட் அடிக்கும் ஆபத்தும் இதனால் இல்லாமல் போகும். மூன்றாவது, ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10 அதே மதர்போர்டில் அதே எடிஷனைப் போட்டால் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். யாராவது கீ விற்றால் வாங்க வேண்டாம்.

லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் நன்றாக இருந்தால், யுஎஸ்பி 3.0 கேஸ் ஒன்று வாங்கி அதில் போடுங்கள். சில நூறு ரூபாயில் ஓர் எக்ஸ்டர்னல் கிடைத்துவிட்டது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் தேறாத டிஸ்க்கை மட்டும் அப்படிப் பயன்படுத்தாதீர்கள்.

ராம், மற்றவை

4 ஜிபி இருக்கும் மெஷினை 8 ஆக்குவது பலன் தரும். 8க்கு மேல் இந்த வயசு மெஷினில் வீட்டு வேலைக்கு அவசியம் இல்லை. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபியே முழுதாகத் தெரியாது, முதலில் 64 பிட் போட வேண்டும்.

டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் சொருக முடியாது. இருக்கும் ராமைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் சுலபம். லேப்டாப்பில் டிடிஆர்3எல் கேட்டால் 1.35 வோல்ட் உள்ளதாகவே வாங்குங்கள். ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ராம் வாங்குபவர்கள் சிப்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருப்பதுதான் அதில் வேலை செய்யும், 8 சிப் உள்ளதை அந்த போர்டு ஏற்காது. ஏஎம்டிக்கு மட்டும் என்று சொல்லி மலிவாக வரும் டிடிஆர்3 ராம் இன்டெல் போர்டில் ஓடாது. டிடிஆர்3 புதிதாக வாங்க வேண்டியதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கழற்றிய ராம் குவியலாகக் கிடைக்கும், பெயருள்ள கம்பெனி ராமாகப் பார்த்து, மாற்றித் தருவதாகச் சொல்லும் கடையில் வாங்கினால் போதும். மாட்டுவதற்கு முன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். கம்ப்யூட்டர் கிளம்பாமல் பீப் பீப் என்று கத்துவதில் பாதி இதிலேயே சரியாகிவிடும்.

தேதி ஒவ்வொரு தடவையும் பின்னால் போகிறது, வங்கிப் பக்கங்கள் பாதுகாப்பு இல்லை என்று திறக்க மறுக்கின்றன என்றால் சிஆர்2032 பேட்டரி மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். கிராபிக்ஸ் கார்டு, புராசஸர் மாற்றம் இரண்டும் இந்தப் பெட்டிகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

விண்டோஸ் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 முறையாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை புராசஸரும். எச்61 பெட்டிக்கு அது பொருந்தாது. குறுக்கு வழியில் போட முடியும், ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. பிரவுசர், மெயில், யூடியூப், தமிழ் டைப்பிங் இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுத் தருகிறேன். தமிழ்99 விசைப்பலகையும் அதில் வரும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் கட்டுரைகளை அதில்தான் அடிக்கிறார். "வாத்தியாரே, பழகிடுச்சா?" என்று கேட்டால், "எனக்கு எழுத்து வந்தா போதும்ப்பா, மத்ததை நீ பார்த்துக்க" என்பார்.

கடைசியாக, கழித்துக்கட்டும் டிஸ்க். ஆதார், பத்திரம், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் இருந்த டிஸ்க்கை அப்படியே பழைய சாமான் கடையில் கொடுக்காதீர்கள். நன்றாக ஓடும் ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸில் ஃபார்மட் கொடுக்கும்போது குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் அடியுங்கள். முழுதும் பூஜ்யம் எழுதப்படும், மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். ஓடாத டிஸ்க் என்றால் மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே பளபளக்கும் தட்டில் ஆணியால் நன்றாகக் கீறுங்கள். லேப்டாப் டிஸ்க்கில் அந்தத் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, நொறுங்கும், கண்ணில் பட்டுவிடாமல் துணியில் சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.